பச்சைச் சிலுவை மைனி

பிரான்சில் மருந்துக்கடை வாசல்தோறும் பச்சை விளக்கில் ஒரு சிலுவை எரியும். சும்மா எரியாது. அணைந்து அணைந்து எரியும், சுழலும், நடுவில் மணி காட்டும், வெயில் எத்தனை டிகிரி என்றும் சொல்லும். தூத்துக்குடியிலிருந்து லூர்து யாத்திரை போகிற கூட்டத்தில் முதல் நாள் பாதிப் பேர் அதைக் கண்டதும் நெற்றிக்குக் கையைக் கொண்டுபோவார்கள். மறுநாள் விஷயம் தெரிந்து கையை இறக்கிவிடுவார்கள். மைனி மட்டும் ஊர் திரும்பும் நாள் வரைக்கும் அதன் முன்னால் சிலுவை போட்டுக்கொள்வாள். தெரியாமல் இல்லை, தெரிந்துதான்.

மைனி என்று நான் சொல்வது ஒரே ஒரு ஆளை அல்ல. பனிமய மாதா கோயிலைச் சுற்றி, கிரேட் காட்டன் ரோட்டிலும் பீச் ரோட்டிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் தெருவுக்கு ஒருத்தியாவது இருப்பாள். வயது ஐம்பத்தைந்துக்கு மேல். மகன் கப்பலில் இருப்பான், அல்லது மகள் கனடாவில் இருப்பாள். முழங்கால் வலி கட்டாயம் இருக்கும். ரோம், பாத்திமா, லூர்து, பாரிஸ் என்று டிராவல்ஸ்காரர் நோட்டீஸ் அடித்த அன்றைக்கே முன்பணம் கட்டிவிடுவாள். மாதாவிடம் என்ன வேண்டிக்கொள்ளப் போகிறீர்கள் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பாள். பாரிஸில் என்ன வாங்கப் போகிறீர்கள் என்று கேட்டால் யோசனையே கிடையாது. கைப்பையிலிருந்து நாலாய் மடித்த தாள் ஒன்று வெளியே வரும்.

குடும்ப வரலாறு முழுக்க அந்தத் தாளில் இருக்கிறது. சின்ன நாத்தனாருக்கு பயோடெர்மா, ரோஸ் மூடி. பச்சை மூடி வாங்கிவிடக் கூடாது, அது முகத்தில் எண்ணெய் வழிகிறவர்களுக்கு, நாத்தனார் சண்டைக்கு வந்துவிடுவாள். மூத்த மருமகளுக்கு நக்ஸ் எண்ணெய், 100 மில்லி. இளைய மருமகளுக்கும் அதே எண்ணெய், ஆனால் 50 மில்லி. காரணம் போன கிறிஸ்துமஸ் அன்று நடந்தது. சம்பந்தியம்மாவுக்கு எம்ப்ரியோலிஸ் பெரிய டியூப். சென்னையில் ஐ.டி. கம்பெனியில் இருக்கிற தங்கச்சி மகளுக்கு என்னவோ ஒரு பெயர். அதை மைனியால் எழுத முடியாததால் போனில் போட்டோ இருக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மில்லி. உறவின் ஆழத்தை மில்லிலிட்டரில் அளந்து சொல்லும் வித்தை வேறு யாருக்கும் இவ்வளவு துல்லியமாய் வாய்த்ததில்லை.

மைனியின் பெயருக்கு எதிரே ஒன்றும் இருக்காது. அவளுக்குத் தேங்காயெண்ணெயும் குட்டிக்குரா பவுடரும் போதும்.

இது அவள் புதிதாய்க் கண்டுபிடித்த பழக்கமும் இல்லை. இது துறைமுகத்து ரத்தம். தோணி கொழும்புக்குப் போய்வந்த காலத்தில் சோப்பும் சென்ட்டும் அங்கிருந்து வந்தன. பிறகு கப்பல்காரப் பிள்ளைகள் சிங்கப்பூரிலிருந்து கோடாலித் தைலம் கொண்டுவந்தார்கள். தலைவலி இருக்கிறதோ இல்லையோ, வீட்டில் அந்தக் குப்பி இருக்க வேண்டும். மைனியின் மாமியார் அதை யாருக்கும் ஒரு விரலுக்கு மேல் தொட்டுத் தர மாட்டாள். மாமியாரின் பீரோ சாவி இடுப்புக்கு வந்த நாளிலிருந்து மைனிக்கும் அந்தப் பொறுப்பு வந்துசேர்ந்தது. தைலம் மட்டும்தான் மாறியிருக்கிறது.

பாரிஸில் யாத்திரைக்காரர்களைத் தவறாமல் அழைத்துப்போகிற இடம் ரூ து பாக் தெருவிலுள்ள அற்புதப் பதக்க மாதா சிற்றாலயம். 1830-ல் கத்தரீன் லபூரே என்ற இளம் துறவிக்கு மாதா காட்சி கொடுத்த இடம். 1876-ல் இறந்த அந்தப் புனிதையின் உடல் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. எல்லாரும் முழந்தாளிட்டு செபிப்பார்கள். மைனியும் செபிப்பாள், உருக்கமாகவே. ஆனால் அங்கிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடையில், ரூ து ஃபோர் தெரு முனையில், சிட்டி பார்மா இருக்கிறது என்பதையும் அவள் மறக்கவில்லை. உலகத்துப் பெண்களெல்லாம் விலை மலிவென்று கூடையோடு இடித்துக்கொண்டு நிற்கிற கடை. வழிகாட்டி 'ஃப்ரீ டைம்' என்று வாயைத் திறந்ததும், காலையிலிருந்து படியேற ஆள் பிடித்த அந்த முழங்கால் கூட்டத்துக்கு முன்னால் நடக்கும்.

கடைக்குள் மைனியை நீங்கள் பார்க்க வேண்டும். பிரெஞ்சு தெரியாது, இங்கிலீஷ் அரைகுறை. ஆனால் வெள்ளைக் கோட்டுப் பெண்ணிடம் ஐந்து நிமிஷத்தில் தன் வம்சத்தின் தோல் வியாதிகளையெல்லாம் சைகையில் சொல்லிவிடுவாள். அந்தப் பெண்ணும் பொறுமையாய்க் கேட்பாள். அங்கே வழக்கம் அப்படி. காய்ச்சல் மாத்திரைகூட மளிகைக்கடையில் கிடைக்காது. மருந்துக்கடை வைப்பவரே அந்தப் படிப்பு படித்திருக்க வேண்டும். காட்டில் பறித்த காளானைக் கூடையோடு கொண்டுபோய் இது தின்னலாமா, ஆளைக் கொல்லுமா என்று கேட்டால் பார்த்துச் சொல்வார்கள். அவர்கள் படிப்பில் அதற்கும் பாடம் உண்டு. வழிகாட்டி இதைச் சொன்னதிலிருந்து மைனிக்கு மரியாதை கூடிப்போயிற்று. "காளானயே பாத்துச் சொல்லுதவ, நம்ம கரும்புள்ளியப் பாத்துச் சொல்ல மாட்டாளா?"

அந்த ஊர் கிரீம்களுக்கெல்லாம் ஸ்தலபுராணம் வேறு உண்டு. அவென் என்ற கிராமத்து ஊற்றின் பெருமை எப்படி வெளியே வந்தது? ஒரு பிரபுவின் குதிரைக்கு அரிப்பு. அந்தத் தண்ணீரில் புரண்டு சொஸ்தமாயிற்றாம். லா ரோஷ்-போஸே ஊற்றுக்கும் அதே கதை: 14-ஆம் நூற்றாண்டில் து கெக்லான் என்ற படைத்தலைவர் ஸ்பெயினிலிருந்து திரும்பும் வழியில் அவருடைய குதிரை இறங்கிக் குளித்துத் தேறியதாம். பிரான்சில் எந்தத் தண்ணீரையும் முதலில் குதிரைதான் பரிசோதித்திருக்கிறது. கூட்டத்தில் ஒருவர் இதைச் சொல்லிச் சிரித்தபோது மைனி சிரிக்கவில்லை. "குதிர பொய் சொல்லாதுல்லா" என்றாள்.

பில் போடுகிற இடத்தில் அவள் மூளை இன்னும் கூர்மையாகும். வெளிநாட்டார் ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால் வரியில் ஒரு பகுதி திரும்ப வரும். ஆகவே கோஷ்டியிலுள்ள எல்லாப் பெண்களின் சாமானும் ஒரே கூடையில் விழும். பில் ஒன்று, பாஸ்போர்ட் மைனியுடையது. விமான நிலையத்தில் அதற்குக் கடையில் தரும் படிவத்தை பாப்லோ என்ற எந்திரத்திடம் காட்டிப் பச்சை வாங்க வேண்டும். ஏதோ அப்போஸ்தலர் பெயர் என்று நினைத்தாளோ என்னவோ, பாப்லோ முன்னாலும் ஒரு சிலுவை. திரும்பி வந்த பணம் எப்படிப் பங்கானது என்று கேட்ட பெண்ணுக்கு ஒரு சோப்பு கிடைத்தது.

வீட்டில் மைனியின் புருஷன், அவள் வாயில் அத்தான், காத்திருப்பார், கால்குலேட்டரோடு. இவர் பிளினியின் வாரிசு. பிளினி ரோமாபுரி ஆள், முதல் நூற்றாண்டு. முத்துக்கும் பட்டுக்கும் வாசனைச் சாமானுக்கும் வருஷம் 10 கோடி செஸ்டர்ஸ் காசு இந்தியாவுக்கும் சீனாவுக்கும் அரேபியாவுக்கும் போகிறதே, பெண்களின் ஆடம்பரம் இவ்வளவு தின்கிறதே என்று எழுதிவைத்துப் புலம்பியவர். அப்போது கணக்கு நேர் எதிர்ப்பக்கம் ஓடியது. கொற்கைத் துறையில் மூச்சடக்கி எடுத்த முத்துக்கு அந்த ஊர்ப் புருஷன்மார் அழுதார்கள். அதே பிளினி லோலியா பவுலினா என்ற சீமாட்டியைப் பற்றியும் சொல்கிறார்: ஒரு சாதாரண நிச்சயதார்த்த விருந்துக்கு 4 கோடி செஸ்டர்ஸ் பெறுமான முத்தும் மரகதமும் மாட்டிக்கொண்டு வந்தாளாம், யாராவது சந்தேகப்பட்டால் காட்டுவதற்கு ரசீதும் தயாராய் வைத்திருந்தாளாம். அதில் நம்ம பக்கத்து முத்தும் இருந்திருக்கும் என்று நம்புவதில் எனக்கு ஒரு சந்தோஷம். இன்று கொற்கை கடலைவிட்டு உள்ளே தள்ளிக் கிடக்கிறது. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோயிற்று. ரசீது காட்டுகிற பழக்கம் மட்டும் இந்தக் கரைக்கு வந்து தங்கிவிட்டது. மைனி டியூப்பைக் கொடுக்கும்போது விலைச்சீட்டைக் கிழிக்கவே மாட்டாள்.

அத்தான் புலம்பலில் நியாயமும் உண்டு. பல சாமான் இங்கேயே ஆன்லைனில் கிடைக்கிறது. தங்கச்சி மகன் போனைக் காட்டி, "பெரியம்மா, நாளைக்கே வீட்டுல கொண்டாந்து குடுப்பான்" என்றான். "அங்க வாங்குனது அங்க வாங்குனதுதாம்ல" என்று ஒரே வரியில் வழக்கை முடித்தாள் மைனி. அங்கத்துக் குளிருக்கென்று செய்த கெட்டி கிரீமை மே மாசத்துக் காற்றில் பூசிக்கொண்ட சம்பந்தியம்மா, பூசைக்கு நடுவில் முகம் வழிந்து பாதியில் எழுந்து போனது தனிக் கதை. அந்த லிஸ்டில் வெயிலுக்குப் பூசுகிற கிரீம் ஒன்றுகூட இருக்காது. ஏ.சி. அறையிலிருந்து ஏ.சி. காருக்குப் போகிறவர்களுக்கு எதற்கு? அது வேண்டியிருப்பது முள்ளக்காட்டு உப்பளத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிற பெண்களுக்கு. அவர்களுக்கு யாரும் மில்லி எழுதியதில்லை.

விநியோகம் முடிந்ததும் மிச்சம் இருப்பது இரண்டு தண்ணீர். மாதா உருவத்தில், நீலக் கிரீடம் மூடியாய் வைத்த பிளாஸ்டிக் குப்பியில் லூர்துத் தீர்த்தம். அதற்குப் பக்கத்தில் பீச்சியடிக்கிற வெள்ளை டப்பாவில் அவென் ஊற்றுத் தண்ணீர். இரண்டும் ஷோகேஸில் ஒரே தட்டில் நிற்கும். போன ஆகஸ்டில் மாதா சப்பரம் முடிந்த வாரம், எங்களுக்குத் தெரிந்த மைனி வீட்டுக்கு எதிர்வீட்டுப் பாட்டி வந்தாள். குப்பித் தீர்த்தம் அதற்குள் தீர்ந்துபோயிருந்தது. பாட்டி வெள்ளை டப்பாவைக் காட்டி, "இதுவும் லூர்துத் தண்ணிதானட்டி?" என்றாள்.

மைனி பொய் சொல்லவில்லை. "அதே பக்கந்தான் பாட்டி" என்றாள். உண்மைதான், லூர்தும் அவெனும் ஆக்சிடானி என்கிற ஒரே மாகாணத்தில்தான் இருக்கின்றன, ஒன்று இந்த ஓரம், ஒன்று அந்த ஓரம். பாட்டியின் முழங்காலில் இரண்டு பீச்சு. "குளுகுளுன்னு இருக்குட்டி" என்று எழுந்த பாட்டி, மறுநாள் யார் கையையும் பிடிக்காமல் மாடி ஏறிவிட்டாள். தெருவே திரண்டது. இப்போது தினம் சாயங்காலம் பாட்டி வருகிறாள். அடுத்த யாத்திரைத் தாளில் முதல் வரியே "பாட்டி, மூட்டு, 300 மில்லி". பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்ல வேண்டுமா என்று மைனிக்கு இன்னும் முடிவாகவில்லை.

நடுவில் ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு, வாழ்க்கையில் முதல்தடவையாய், தான் வாங்கிவந்ததைத் தனக்கே உபயோகித்துப் பார்த்தாள். இரண்டு முழங்காலுக்கும் நன்றாக, தாராளமாக. ஒரு வாரம் ஆகியும் வலி அப்படியே இருந்தது. மனம் கேளாமல் பாட்டியிடமே சொன்னாள்.

பாட்டி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒனக்கு விசுவாசம் பத்தாதுட்டி."