ஆணி அடிக்க ஒரு டிக்கெட்

லண்டன்
14-7-2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ கொடுத்தனுப்பிய முருகன் எட்டு மாதமாகச் சோபாவில்தான் உட்கார்ந்திருக்கிறார். சுவரில் ஆணி அடித்தால் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வேன் என்று வீட்டு ஓனர் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டார்.

ஓனர் விடாததை நேற்று ஓனோ விட்டார். தேம்ஸ் கரையில் டேட் மாடர்ன் என்று ஒரு மியூசியம். பழைய மின் நிலையம். புகைபோக்கிகூட அப்படியே நிற்கிறது. அங்கே யோகோ ஓனோ என்ற கலைஞரின் கண்காட்சி. வாசலிலேயே மரங்கள், வேண்டுதலைச் சீட்டில் எழுதிக் கட்டலாம். நம் ஊர் அரசமரத்தில் தொட்டில் கட்டுகிற மாதிரிதான், பூசாரி மட்டும் இல்லை. வீட்டு ஓனர் மனம் இளகட்டும் என்று கட்டிவிட்டு உள்ளே போனேன்.

போனால், கையில் சுத்தியல்! பலகையில் ஆணி அடிக்க வேண்டுமாம், ஓவியமே அதுதானாம். 1966-இல் இதே ஊரில் பாடகர் ஜான் லெனன் அடிக்கட்டுமா என்று கேட்டதற்கு அந்தம்மா ஐந்து ஷில்லிங் கேட்டாராம். கற்பனையில் ஐந்து ஷில்லிங் தருகிறேன், கற்பனையில் ஓர் ஆணி அடித்துக்கொள்கிறேன் என்றாராம் அவர். விஷயம் 1969-இல் கல்யாணம்வரை போய்விட்டது. நான் அடித்தது நிஜ ஆணி, வளைந்துவிட்டது. பின்னால் நின்ற பாட்டி தலையைச் சாய்த்து வெகுநேரம் பார்த்து, "ஆழமாக இருக்கிறது" என்றார். அரை அங்குலம்கூட இறங்கவில்லை, அம்மா.

இன்னொரு மேசையில் உடைந்த பீங்கான், பசை, நூல். ஒட்டி அலமாரியில் வைக்க வேண்டும். விரிசல் விட்ட டம்ளரைக்கூட நீ வீட்டில் வைக்க மாட்டாய். இங்கே காசு கொடுத்து ஒட்டுகிறார்கள். நான் ஒட்டியது கோப்பையா கூஜாவா என்று எனக்கே தெரியவில்லை.

ஓர் அறையில் வெள்ளைப் படகு ஒன்று. அகதிகளின் படகு. வந்தவர்களெல்லாம் நீலத்தில் எழுதி எழுதி, படகும் சுவரும் தரையும் கடலாகிவிட்டன. அங்கே மட்டும் எனக்குக் கிண்டல் வரவில்லை.

கடைசியில் உங்கள் அம்மாவைப் பற்றி எழுதி ஒட்டுங்கள் என்று ஓர் இடம். பக்கத்தில் ஒருவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுதினார். நான் தமிழில் எழுதினேன்: "எங்கள் வீட்டில் ஆணி அடிப்பது அம்மாதான். ஒன்றுகூட வளைந்ததில்லை."

அப்பாவிடம் இதைப் படித்துக் காட்ட வேண்டாம்.

அன்புடன்,
சீனு