கோலிக்குண்டுக்கும் தொப்புள் உண்டு!

கேள்வி: தாத்தாவின் டப்பாவில் ஒரு கை கோலிக்குண்டு கிடைத்தது. பழசா, புதுசா, எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், முத்துப்பேட்டை

பதில்: தொப்புளைத் தேடுங்கள்! 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் லௌஷா பகுதிக் கைவினைஞர்கள், வண்ண இழை ஓடும் கண்ணாடிக் கோலைச் சூட்டோடு நறுக்கி உருட்டினார்கள். வெட்டுப்பட்ட முனையில் சொரசொரப்பாக ஒரு தழும்பு நிற்கும். விரல் நுனியால் தடவினாலே தட்டுப்படும். 1905-இல் அமெரிக்காவின் மார்ட்டின் கிறிஸ்டென்சன் கோலி உருட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். இயந்திரக் கோலிகள் பெரும்பாலும் தொப்புள் இல்லாப் பிள்ளைகள்!

உள்ளே பூ வேலை ஏதும் இல்லாமல் வெளிர்பச்சையாக ஒன்று இருந்தால், அது சோடா பாட்டிலிலிருந்து வந்திருக்கலாம். இங்கிலாந்தின் ஹிராம் காட் 1870-களில் வடிவமைத்த பாட்டில் அது. உள்ளிருக்கும் வாயுவே கோலியை மேலே தள்ளி, ரப்பர் வளையத்தில் அழுத்தி வாயடைக்கும். அப்படிப் பழைய பாட்டில் முழுசாகக் கிடைத்தால், கோலிக்கு ஆசைப்பட்டு உடைத்துவிடாதீர்கள். சேகரிப்பவர்களுக்கு முழுப் பாட்டில்தான் பொக்கிஷம்.

கோலிகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், போதும். பாலிஷ் போட்டால் மதிப்பு குறையும். ஒன்றோடொன்று மோதாமல் துணியில் சுற்றி வையுங்கள். தாத்தா எந்தத் தெருவில், யாரோடு ஆடினார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு சீட்டில் எழுதி, டப்பாவுக்குள்ளேயே போட்டுவிடுங்கள். அந்த விவரத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.