தேயிலை மலையின் மருத்துவ நிருபர்

கேமரன் மலையில் ரிங்லட்டிலிருந்து பிரிஞ்சாங் வரை எந்தச் சாப்பாட்டுக் கடையில் காலை எட்டு மணிக்கு நுழைந்தாலும் ஒரு மேசையில் அவர் இருப்பார். தலையில் கம்பளிக் குல்லா, கையில் கைப்பேசி. வயது எழுபதைத் தாண்டியிருக்கும். தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். கொழுந்து எடையைப் பேரேட்டில் ஏற்றிய அதே அக்கறையோடு இப்போது உலகத்து மருத்துவச் செய்திகளை ஏற்றிக்கொண்டிருக்கிறார்.

“தம்பி, உட்காரு. ஒரு புது மருந்து வந்திருக்கு, தெரியுமா?”

விவரம் தெரிந்தவர்கள் இதைக் கேட்டதும் ரொட்டி சானாயைப் பொட்டலமாகக் கட்டச் சொல்லிவிடுவார்கள்.

பாதத்தில் வெங்காயம் கட்டினால் புற்றுநோய் போகும் என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர் வேறு ஆள். அவரைக் கண்டாலே கிராணியாருக்கு ஆகாது. இவருக்கு ஆதாரம் வேண்டும். எந்த நாடு, எந்த ஆண்டு, எத்தனை பேரிடம் சோதித்தார்கள்? அமெரிக்கப் பாலைவனத்துப் பல்லி ஒன்றின் எச்சிலை ஆராயப் போய்க் கிடைத்த இனிப்பு நீர் மருந்து 2005-இல் அங்கே அனுமதி பெற்றது, இன்று ஊரே பேசும் உடல் இளைக்கும் ஊசிகள் அதற்கு உறவுமுறை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். என்ன, பல்லி எச்சில் என்று அவர் சொல்லும் நேரத்தில் எதிரே இருப்பவர் வாயில் தோசை இருக்கும்.

இந்த ஆர்வத்துக்கு ஒரு பூர்வ கதை உண்டு. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தோட்டம் வந்தது. அந்தக் காலத்துத் தோட்ட மக்களுக்கு மருத்துவம் என்றால் டிரெசர்தான். காய்ச்சலுக்குக் கொய்னா, மற்றதற்கெல்லாம் போத்தலில் கலவை. “இது என்ன மருந்துங்க ஐயா?” என்று கேட்டால் ஏச்சு விழும். அப்பன் பாட்டன் கேட்க முடியாமல் போன கேள்விகளையெல்லாம் கிராணியார் இன்று வட்டியும் முதலுமாகக் கேட்கிறார். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை அவர் வாசிக்கும் விதத்தில் இருக்கிறது. 2022-இல் பிரிட்டனில் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரைப் பல ஆண்டுகள் கவனித்ததில், நாளுக்கு இரண்டு கோப்பையோ அதற்கு மேலோ தேநீர் குடித்தவர்களுக்கு மரண அபாயம் 9 முதல் 13 விழுக்காடு குறைவாக இருந்ததாம். தேயிலை மலைக்காரருக்கு இதைவிட நல்ல செய்தி வேறென்ன வேண்டும்? பாலும் சீனியும் சேர்த்தவர்களிடமும் ஏறக்குறைய அதே கணக்குத்தான் என்ற வரியை மட்டும் திரையில் பெரிதாக்கிக் காட்டிவிட்டு, “ஒரு தே தாரிக், பால் கொஞ்சம் தூக்கலா!” என்று குரல் கொடுப்பார். தேநீர்தான் ஆயுளைக் கூட்டியது என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை, தேநீர் குடிப்பவர்களிடம் அப்படி ஒரு போக்கைக் கண்டது, அவ்வளவே. இந்த வேறுபாட்டைச் சொல்ல வாயெடுத்தவர் இரண்டாவது தே தாரிக்குக்கும் சேர்த்துக் காசு கட்ட நேரிடும்.

ஆஸ்பிரின் விஷயத்தில் விளையாட்டு வினையாகப் பார்த்தது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 முதியவர்களை வைத்து நடந்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. இதய நோய் வராதவர்கள் தினமும் சிறு ஆஸ்பிரின் மாத்திரை போட்டுக்கொள்வதால் பலனில்லை, ரத்தக்கசிவுதான் கூடுகிறது என்பது முடிவு. கிராணியார் “பலனில்லை” என்பதைக் கடை முழுக்கக் கேட்கும்படி வாசித்தார். “நோய் வராதவர்கள்” என்பதைத் தமக்குள் வாசித்துக்கொண்டார். பக்கத்து மேசையில் ஸ்டென்ட் வைத்த மனிதர் ஒருவர் இருந்தார். மறுநாளே அவர் மாத்திரையை நிறுத்திவிட்டார். கிளினிக் மிஸ்ஸி கண்டுபிடித்து, மறுபடி போட வைத்து, கிராணியாரையும் தேடிப் பிடித்தார். “அங்கிள், அடுத்த தடவை முழு வரியையும் சத்தமா வாசிங்க.”

தம் உடம்பைப் பொறுத்தவரை அவர் பரீட்சைக்கு முந்தின நாள் படிக்கும் பையன். கிளினிக் தேதிக்கு மூன்று நாள் முன்பு சோறு குறையும், தே ஓ கோசோங் வரும், மலைப்பாதையில் நடை தொடங்கும். காலையில் வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை அளவு அழகாக இருக்கும். பாழாய்ப்போன எச்பிஏ1சி பரிசோதனைதான் காட்டிக்கொடுக்கும். ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது. அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரையைப் பார்த்தால் இரண்டு மூன்று மாதச் சங்கதி தெரிந்துவிடும். தீபாவளி முறுக்கும் அதிரசமும்கூட அதில் வரவு வைக்கப்பட்டிருக்கும்! கணக்கெழுதியே வாழ்ந்த மனிதர், அந்தக் கணக்கில் மட்டும் பிழை இருக்கலாம் என்று வாதாடுவார்.

டாக்டரிடம் போகும்போது கேள்விகள் எழுதிய தாள் கையில் இருக்கும். ஒருமுறை முதல் கேள்வி வேல்ஸ் நாட்டைப் பற்றியது. அங்கே அக்கித் தடுப்பூசி போட்டுக்கொண்ட முதியவர்களில், அடுத்த ஏழு ஆண்டுகளில் மறதி நோய் வந்தவர்கள் ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்று 2025-இல் ஆய்வு வந்ததே, டாக்டர் என்ன சொல்கிறார்? டாக்டர் நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு, “செருப்பைக் கழட்டுங்க” என்றார். வலது கட்டைவிரலுக்கு அடியில் ஒரு கொப்புளம் உடைந்து ஈரமாக இருந்தது. எப்போது வந்தது என்று அவருக்கே தெரியவில்லை; வலித்திருந்தால்தானே தெரியும்? நாள்பட்ட இனிப்பு நீர் முதலில் காலின் உணர்ச்சியைத்தான் திருடும். வேல்ஸ் மூளை வரை போய் வந்தவர் தன் பாதம் வரை போகவில்லை.

ஆனாலும் இந்த மலைக்கு அவர் தேவை. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு இனிப்பு நீர். இந்தியர்களிடையே இன்னும் அதிகம். தமக்கு இருப்பதே தெரியாதவர்கள் ஏராளம். அதே ஆண்டு தொடங்கிய பெக்கா பி40 இலவசப் பரிசோதனைக்கு, லயத்துக் கிழவிகளின் அடையாள அட்டைகளை வாங்கிப் பெயர் தேடி, வேன் பிடித்து அழைத்துப் போனவர் அவர்தான்.

மூட்டுவலிப் பொடி விற்க வந்தவனை மடக்கியதும் அவரே. இரண்டே நாளில் வலி பறந்துவிடும் என்றான். கிராணியார் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மால் பதிவு நம்பர் எங்கே தம்பி? பாரம்பரிய மருந்துன்னா எண்ணுக்குப் பின்னால டி எழுத்து இருக்கணுமே?” பதிவில்லாத இத்தகைய பொடிகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. வலி உண்மையிலேயே பறக்கும். கூடவே சர்க்கரை ஏறும், முகம் வீங்கும், எலும்பு தேயும். விற்க வந்தவன் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். அன்று கடைக்காரர் கிராணியாரிடம் காசு வாங்கவில்லை.

அவர் மனைவி கொழுந்து பறித்தவர். அந்தம்மாவுக்குக் கைப்பேசியில் பேச மட்டும் தெரியும். மாத்திரையை வேளை தவறாமல் போடுவார், தே ஓ கோசோங் குடிப்பார், சாயங்காலம் கோயில் வரை நடந்து வருவார். போன மாதம் அவருடைய எச்பிஏ1சி முடிவைப் பார்த்து டாக்டரே பாராட்டினார். கிராணியார் அந்தத் தாளைப் படமெடுத்து எல்லாக் குழுக்களிலும் போட்டார். கீழே ஒரு வரி: “என் நேரடி ஆலோசனையில் கிடைத்த பலன்.”