வாலாட்டும் வீரம்

புலிக்குப் பேர்போன ஊரில் நாய் வளர்ப்பது கௌரவப் பிரச்சினை. எங்கள் திருப்புலிவனத்து ஈசனுக்கே வியாக்ரபுரீஸ்வரர் என்று பெயர். வண்டு வாய் வைக்குமுன் மரமேறிப் பூப்பறிக்கப் புலிக்கால் கேட்டு வாங்கிய வியாக்ரபாதர் பூசித்த தலம். அப்பேர்ப்பட்ட ஊரில், ராஜபாளையம் என்று சொல்லி நான் வாங்கி வந்த குட்டி அடுத்த வீட்டுக் கோழியைக் கண்டு கட்டிலுக்கடியில் புகுந்தால், வெளியே தலைகாட்ட முடியுமா? குட்டியால் முடியும். என்னால் முடியவில்லை.

நாய் வளர்ப்பில் என் ஞானம் சுருக்கமானது. நாயென்றால் குரைக்க வேண்டும், அந்நியனைக் கண்டால் சங்கிலியை அறுக்க வேண்டும். ஆகவே குட்டியை யாரும் தொடக் கூடாது, கொஞ்சக் கூடாது என்று உத்தரவு போட்டேன். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வாலாட்ட இந்த வீட்டில் நான் ஒருத்தன் போதாதா?

ஊசி போடப் போன இடத்தில் கால்நடை மருத்துவர் இதைக் கேட்டுச் சிரித்தார். "பயந்த நாய்தான் சார் கண்டதுக்கெல்லாம் குரைக்கும், கடிக்கும். தைரியமான நாய் முதல்ல நின்னு பார்க்கும்" என்றார். பிறந்த 3-வது வாரத்தில் குட்டிக்கு ஒரு கதவு திறக்கிறதாம். அப்போது பார்ப்பது, கேட்பது, முகர்வது எல்லாம் 'நம்ம உலகம்' என்று மனசில் பதியும். 12, 14 வாரத்தில் அந்தக் கதவு மெல்லச் சாத்திக்கொள்ளும். அதற்குப் பிறகு புதிதாக வருகிற எதுவும் சந்தேகக் கேஸ்தான்.

அமெரிக்காவில் பார் ஹார்பர் என்ற ஊரின் ஆய்வுக்கூடத்தில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். வேலி போட்ட வயலுக்குள் மனித வாடையே படாமல் குட்டிகளை வளர்த்து, வெவ்வேறு வாரங்களில் வெளியே எடுத்துப் பழக்கினார்கள். 14 வாரம் வரை ஆள் முகம் பாராமல் இருந்தவை கடைசிவரை மனிதரிடம் ஒட்டவில்லை. 1961-ல் வெளிவந்த ஆய்வு. விஞ்ஞானிகள் வேலி போட்டுச் செய்ததை நான் உத்தரவு போட்டே செய்துகொண்டிருந்தேன்.

சரி, தெருவில் விடலாமென்றால் அதற்கும் தடை. தடுப்பூசித் தவணை முடியாத குட்டிக்குத் தெருமண்ணிலிருந்தே பார்வோ நோய் வரலாம். ரத்தமாகக் கழிந்து சாகவும் கூடும். எல்லா ஊசியும் முடியட்டும் என்று காத்திருந்தாலோ கதவு சாத்திவிடும். "தூக்கிட்டுப் போய்க் காட்டுங்க, தரையில விடாதீங்க" என்றார் மருத்துவர்.

தூக்கினேன். வேலை, வீடு என்று குனிந்த தலை நிமிராமல் நடந்த மனுஷன், தோளில் துண்டு விரித்து அதில் வெள்ளைக் குட்டியைச் சாத்திக்கொண்டு, பேரனுக்கு நிலா காட்டும் தாத்தா மாதிரி "தோ பாரு மாடு, தோ பாரு பஸ்ஸு" என்று ஊர்வலம் போனேன். எதிர்வீட்டு ஆயா வழிமறித்தார். "இன்னா சார், அதுக்குக் கால் இல்லியா, உனக்கு வேலை இல்லியா?"

காட்டுவதிலும் முறை இருக்கிறது. குட்டியைப் பயத்தின் வாயில் கொண்டுபோய்த் திணிக்கக் கூடாது. எட்ட நின்று காட்ட வேண்டும். காது பின்னால் படிந்து வால் உள்ளே போனால், நாலு அடி பின்வாங்க வேண்டும். கையிலிருக்கும் பொறையைத் தின்றால் மனசு நிம்மதியாக இருக்கிறது என்று பொருள். அடுத்த அடி வைக்கலாம். நெல் அறுக்கிற மிஷினை அப்படித்தான் வரப்போரம் நின்று காட்டினேன். எஞ்சின் உறுமியதும் குட்டியின் காது ரெண்டும் நிமிர்ந்தன, ரோஜா நிற மூக்கு ரெண்டு தரம் சுருங்கி விரிந்தது, பிறகு மறுபடி பொறையைக் கொறிக்க ஆரம்பித்தது. துள்ளி வாய்க்காலில் கால் விட்டது நான்.

அடுத்த பாடம் கடி. நாய்க்குட்டிக்குப் பால்பற்கள் 28. 28-ம் ஊசி. 4 மாதம் போலத்தான் விழ ஆரம்பிக்கும். அதுவரை என் வேட்டிக் கரையும் கணுக்காலும் அதன் சொத்து. "ஏய்! விடு! சனியனே!" என்று நான் குதிக்கக் குதிக்க, அதற்குக் கொண்டாட்டம். இவ்வளவு பெரிய ஆள் இவ்வளவு சின்னப் பல்லுக்கு இப்படி ஆடுகிறானே என்றுதான் நினைத்திருக்கும். என் மனைவி கத்தவில்லை. பல் தோலில் பட்டதும் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். கடித்தால் விளையாட்டு முடிந்தது என்ற கணக்கு குட்டிக்குச் சீக்கிரமே புரிந்தது. மேலே தாவினாலும் அதே வைத்தியம்: நாலு காலும் தரையில் படும்வரை முகம் கொடுக்கக் கூடாது.

ஆனால் வீட்டில் ஒரே சொல் வேண்டுமே! நான் 'சிட்' என்பேன், அம்மா 'குந்து' என்பார், பையன் 'உக்காருடா' என்பான். குட்டி எங்கள் மூவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, வெறும் உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டும் என் மனைவி முன்னால் போய் உட்காரும். தலைமை எனக்குத்தான் என்று வாதாடினேன். பக்கத்து உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்தில் 919-லும் 921-லும் கல்லில் வெட்டிய குடவோலை விதிகளையே துணைக்கு அழைத்தேன். வயது 35-க்கு மேல், 70-க்குள். சொந்த மனையில் வீடு. ரெண்டும் எனக்கு உண்டு. "கணக்குக் காட்டாதவனுக்குப் பதவி கிடையாதுன்னும் அதே கல்லுல இருக்குல்ல? குட்டியை எவ்வளவுக்கு வாங்கினீங்க?" என்றாள். வேட்பு மனுவைத் திரும்பப் பெற்றேன்.

கடைசிப் பரீட்சை தபால்காரர். 2005-ல் அஞ்சல் துறை தபால்தலை போட்டுக் கௌரவித்த இனம் ராஜபாளையம். அந்த நன்றி கொஞ்சமும் இல்லாமல், அவர் மொபெட் சத்தம் கேட்டாலே இது கேட்டுக்குப் பின்னால் நின்று நடுங்கிக் குரைத்தது. நான் பூரித்துப்போய், 'நாய் ஜாக்கிரதை' என்று போர்டு எழுதி மாட்டினேன். மனைவியோ தபால்காரர் கையில் பொறையைக் கொடுத்து வைத்தாள். முதலில் அவர் தூரத்திலிருந்து போட்டார், பிறகு கிட்ட வந்து போட்டார், அப்புறம் கையிலேயே கொடுத்தார். அவரும் அவசரப்படவில்லை, நேராகக் கண்ணைப் பார்க்கவில்லை, தலைக்கு மேல் கையை நீட்டவில்லை. இப்போது மொபெட் வந்தால் குட்டி எழுந்து போய், உட்கார்ந்து, வாலால் தரையைப் பெருக்குகிறது. ராத்திரி முன்பின் தெரியாத ஆள் கேட்டைத் தொட்டால் மட்டும் ஒரே ஒரு குரல் கொடுக்கிறது. பகலெல்லாம் குரைக்காததால் அந்த ஒரு குரலுக்கு மதிப்பு இருக்கிறது.

போன வாரம் நான் உள்ளே மின்வாரிய ரசீதைப் பார்த்து எல்லாரையும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோது தபால்காரர் வந்தார்.

"குட்டிதான் நல்லாப் பழகிடுச்சே அம்மா, இந்த போர்டைக் கழட்டிடலாமே?"

"இருக்கட்டும். இவர் வீட்லதானே இருக்கார்" என்றாள் என் மனைவி.