சந்தனம் பூசிய கயிறு

எங்கள் மேனேஜர் சார் பதவி உயர்வில் ஹெட் ஆபீஸ் போகிறார். லைனில் நிற்கிறவன் நாலு நல்ல வார்த்தை சொல்லாவிட்டால் நன்றி கெட்டவன் ஆவேன்.

எங்கள் அசெம்ப்ளி லைனுக்கு மேலே ஒரு கயிறு தொங்குகிறது. ஜப்பானில் டொயோட்டாக்காரர்கள் பரப்பிய பழக்கம். பெயர் 'அண்டோன்', அவர்கள் மொழியில் காகித விளக்கு. கோளாறைக் கண்ட எந்தத் தொழிலாளியும் இழுக்கலாம். விளக்கு எரியும், டீம் லீடர் ஓடி வருவார், சேர்ந்து சரிசெய்வார்கள்; முடியாவிட்டால் லைன் நிற்கும். எங்கள் வாயில் அது 'ஆண்டான்' ஆயிற்று. பொருத்தமான பெயர்தான்.

சார் வந்த புதிதில் டிரெய்னிப் பையன் ஒருவன், போல்ட் இறுகவில்லையென்று கயிற்றை இழுத்துவிட்டான். "லைன் நின்ன நேரத்துக்கு உங்கப்பனா காசு கட்டுவான்?" என்று சார் கேட்டார். அந்த ஒரே கேள்வியில் அறுபது பேருக்குப் பயிற்சி முடிந்தது. மற்ற கம்பெனிகள் இதற்கு எவ்வளவு செலவழிக்கின்றன! அன்றுமுதல் போல்ட்டுகள் தாமாகவே இறுகிக்கொண்டன. ரிஜிஸ்டரில் மூன்று வருஷமாகக் குறை பூஜ்யம்.

ஹார்வர்டின் ஏமி எட்மண்ட்சன் 1996-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மருத்துவமனையில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை எண்ணினால், நல்ல தலைமை இருந்த வார்டுகளில்தான் கணக்கு கூடுதலாக வந்ததாம். அங்கே நர்சுகள் பயப்படாமல் சொல்லிவிடுகிறார்கள் என்பது அவர் கண்ட விளக்கம். எங்கள் சாரிடம் வேலை பார்த்திருந்தால் அந்த நர்சுகளுக்கு இந்த அவப்பெயர் வந்திருக்குமா?

சார் பாரபட்சமே பார்க்காதவர். பாராட்டு யாருக்கும் கிடையாது. நல்ல யோசனை யார் சொன்னாலும் மறுநாள் மீட்டிங்கில் தன் பெயரிலேயே சொல்லி, சொன்னவனைக் கண்ணேறு படாமல் காப்பார். போன மாதம் கஸ்டமர் லாரி நிறையச் சரக்கைத் திருப்பி அனுப்பினார். இறக்கி, பிரித்து, மறுபடி போல்ட் முடுக்கியதில் எங்களுக்கு நாலு ஞாயிறு ஓவர்டைம். அதுவும் சார் புண்ணியம்.

ஆயுத பூஜையன்று அந்தக் கயிற்றுக்கும் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, கதம்பம் சாத்தினார். ஒரு நூல்கூடப் பிரியாமல் புத்தம் புதிதாக மின்னியது. தொண்டைமானின் ஆயுதசாலையைக் கண்ட அவ்வைக்கு இருந்த பூரிப்பு எனக்கும்.

ஒரே கவலை. திங்கட்கிழமை புது மேனேஜர் வருகிறார். வந்ததும் வராததுமாக, கயிறு வேலை செய்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டால், சார் சாத்திய மாலை உதிர்ந்துவிடுமே!