வாளிக்குள் ரப்பர் மீன்

"தண்ணி இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே எங்கள் காம்பவுண்டு அண்ணன் உள்ளே வந்தால், தாகம் போலும் என்று சொம்பை நீட்டிவிடாதீர்கள். அவருக்கு வேண்டியது வாளி. சட்டைப் பையிலிருந்து ஒரு ரப்பர் மீன் வெளியே வரும். தூண்டிலில் மாட்டும் 'ஸ்விம்பெய்ட்' என்பார். விலையை மட்டும் சொல்லமாட்டார், அண்ணி காதில் விழுந்துவிடும். "வால் ஆடுற ஆட்டத்தைப் பாருங்க!" ஆடும்தான். இரண்டு ஆட்டம் ஆடுவதற்குள் வாளி முடிந்து போய், மீன் முட்டிக்கொண்டு நிற்கும். "இடம் பத்தல" என்று அடுத்து அண்டாவைத் தேடுவார். அண்டாவும் பத்தாவிட்டால் சம்ப் மூடியைத் திறப்பார். கல்யாண வீட்டுக் கைகழுவும் தொட்டியைக்கூட விட்டதில்லை. பெங்களூர் செயின்ட் மேரீஸ் பசிலிக்காவில் தீர்த்தத் தொட்டியை அவர் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

பேச்செல்லாம் பாஸ் மீன். வட அமெரிக்க மீனுக்கும் அல்சூர் ஏரிக்கும் என்ன உறவோ! 1932-இல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பத்துக் கிலோ பாஸ் பிடித்த கதையை நேரில் பார்த்தவர்போலச் சொல்வார். பெர்ரி வீட்டில் அந்த உலக சாதனையைச் சமைத்துத் தின்றுவிட்டார்கள் என்பதை விட்டுவிடுவார். 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் அந்தச் சாதனையை எட்டிப் பிடித்த மனாபு குரிட்டா தூண்டிலில் மாட்டியது உயிர்மீன். ரப்பர் பக்தர் அதையும் சொல்லமாட்டார்.

கோடை வந்தால் காரணம் தயார். "வெயில்ல தண்ணி சூடேறிடும், ஆக்சிஜன் குறைஞ்சிடும், மீன் ஆழத்துக்குப் போயிடும். காலைலயும் சாயங்காலமும்தான் கடிக்கும்." பாஸுக்கு இது சரி. ஆனால் அவர் ஹொஸ்கோட்டை ஏரியில் வீசுவது விரா மீனுக்கு. அது மேலே வந்து வாயால் காற்றை விழுங்கும் ஜாதி. தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் அதற்கென்ன? கோடையிலும் மேலே வந்துதான் ஆக வேண்டும். இவரைப் பார்த்துவிட்டுத் திரும்பப் போகும்போல.

கெட்ட மனிதர் இல்லை. தெருப் பிள்ளைகளுக்குப் பொறுமையாகத் தூண்டில் நரம்பில் முடிச்சுப் போடக் கற்றுத்தருவார். ஏரியிலிருந்து வெறுங்கையோடு திரும்பும் நாளில் ரஸ்ஸல் மார்க்கெட்டில் விரா வாங்கி, அதிலும் ஒரு துண்டு நமக்குக் கொடுத்தனுப்புவார். குழம்பு நன்றாகத்தான் இருக்கும்.

ஆனால் 2024 மார்ச்சை மறக்க முடியவில்லை. தண்ணீர்ப் பஞ்சத்தில் ஊரே டேங்கர் பின்னால் ஓடியது. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது. ரப்பர் மீன் நீந்தவிடுவதைப் பற்றி உத்தரவில் ஒரு வரி இல்லை. மீனை ஏமாற்ற அந்த ரப்பரில் பூண்டு வாசனை வேறு ஏற்றி விற்கிறார்கள். காத்திருந்து வாங்கிய டேங்கர் தண்ணீரைக் காபிக்குக் கொதிக்கவைத்தால் ரசம் வாசனை.

அண்ணே, வாலை ஏரியில் ஆட்டிப் பாருங்கள். சம்ப் காம்பவுண்டில் எல்லாக் குடித்தனத்துக்கும் பொது.