இன்னும் ஒரு இழுவை

சிட்னியின் மேற்குப் பக்கத்தில் ஹோம்புஷ், வென்ட்வேர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி என்று ரயில் பாதையோரமாகத் தமிழர் அடர்ந்து வாழும் ஊர்கள் உண்டு. அங்கே ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி வரை ஒரு மெஷினும் வாய் திறக்காது. பக்கத்து வீட்டு அறைக்குள் கேட்கும்படி அதற்கு முன் புல் வெட்டக்கூடாது என்பது நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துச் சட்டம். எட்டு அடித்ததும் தெரு முழுக்க உறுமும். அந்த உறுமலுக்கு நடுவே ஒரே ஒரு வீட்டிலிருந்து மட்டும் வேறு சத்தம் வரும். சர்ர்ரக். பிறகு அமைதி. மறுபடியும் சர்ர்ரக். மறுபடியும் அமைதி. அதன்பின் ஒரு மனிதக் குரல்: "வருகுது, வருகுது. இன்னும் ஒரு இழுவை."

அது மோவர் மாமா வீடு.

அவர் ஒருவர் இல்லை. ஊருக்கு ஒருவராவது இருக்கிறார். வயது அறுபத்தைந்து தாண்டியிருக்கும். முப்பது வருடம் ஏதோ ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். அந்த நாளைய வெள்ளைச் சேர்ட்டைத்தான் இப்போது கராஜுக்குள் போடுகிறார். பேனா செருகிய பையில் ஸ்பாக் பிளக் இருக்கிறது. கழுத்தில் ஒரு துண்டு, அதில் ஒயில். "அந்தத் துண்டை மெஷினுக்குள்ள போடாதேங்கோ" என்று மாமி சொல்லும் மெஷின் துணி தோய்க்கிற மெஷின். மாமாவுக்கு மெஷின் என்றால் ஒன்றுதான்.

அது ஒரு விக்டா புல்வெட்டி. இரண்டு ஸ்ட்ரோக். அதன் வரலாற்றை நீங்கள் கேட்கவேண்டாம், அவரே சொல்வார். ஹோம்புஷுக்குப் பக்கத்திலேயே இருக்கிற கொன்கோர்டில், 1952-இல், மேர்வின் விக்டர் ரிச்சர்ட்சன் என்பவர் புல்வெட்டித் தொழில் செய்த தன் மகனுக்காக வீட்டுக் கராஜில் வைத்துச் செய்தது. விக்டர் என்ற நடுப்பெயர்தான் விக்டா ஆனது. முதல் மெஷினுக்குப் பெற்றோல் டாங்க்காக அவர் பூட்டியது ஒரு பீச் பழ டின். இந்த இடத்தில் மாமாவின் குரல் தழுதழுக்கும். "பழ டின்னடா தம்பி! பழத்தைத் திண்டுபோட்டு டின்னை எறியாத ஒரு மனுசன்!" 2000-ஆம் ஆண்டு ஒலிம்பிக் தொடக்க விழாவில், அதே ஹோம்புஷ் விரிகுடா மைதானத்தில், நடனக்காரர்கள் மோவர்களைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். உலகம் முழுவதும் தீபத்தைப் பார்த்துக் கண் கலங்கிய இரவில் மாமா மோவரைப் பார்த்துக் கண் கலங்கினார்.

இதில் ஒரு வேடிக்கை. மாமா பிறந்த ஊரில் முற்றத்தில் புல் இருந்தால் அது வீட்டுப் பெண்களுக்கு மானக்கேடு. யாழ்ப்பாணத்து முற்றம் என்றால் வெறும் மணல். விடிய எழும்பி ஈர்க்கு விளக்குமாற்றால் கோடு கோடாய்க் கூட்டவேண்டும். ஒரு புல் தலைகாட்டினாலும் பிடுங்கிவிடுவார்கள். அந்த முற்றத்தில் வளர்ந்தவர் இங்கே கடன் எடுத்துப் புல்லோடு வீடு வாங்கி, புல்லுக்கு உரம் வாங்கிப் போட்டு, அது வளர்ந்துவிட்டதே என்று வெட்டுகிறார். கிக்குயூ புல்லுக்கோ இந்தத் தத்துவமெல்லாம் தெரியாது. ஜனவரியில் ஒரு மழை பெய்தால் வேலிக்குக் கீழால் பக்கத்து வீட்டுக்கும் போய்வரும்.

வெட்டுகிறார் என்று சொல்லிவிட்டேன். உண்மையில் மாமா வெட்டுவது குறைவு. திருத்துவதுதான் கூட.

மெஷின் பிடிக்காவிட்டால் காற்று, எரிபொருள், தீப்பொறி என்று மூன்றில் ஒன்றுதான் குற்றவாளி என்பார் மாமா. அது உண்மையும்கூட. ஆனால் அவர் விசாரணையைத் தொடங்குவது எப்போதும் தீப்பொறியிலிருந்து. ஏனென்றால் அதற்கு இருட்டு வேண்டும், உதவிக்கு ஆள் வேண்டும். "இஞ்சேரும், அந்த லைட்டை நூரும்!" மாமி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து கராஜ் லைட்டை நூர்ப்பார். பிளக்கைக் கழற்றி, வயரில் பூட்டி, எஞ்சின் உடம்பில் தொடவைத்து மாமா கயிற்றை இழுப்பார். நீலமாக ஒரு பொறி. "கண்டனீரோ?" "கண்டன்." காணாவிட்டாலும் மாமி கண்டன் என்றுதான் சொல்வார்; சோறு அடிப்பிடிக்கும் கவலை அவருக்கு. பிறகு பிளக்கைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, இடைவெளி சரியாக இருக்கிறதா என்று தகடு விட்டுப் பார்த்து, திரும்பப் பூட்டி, இழுத்தால், பிடிக்காது.

குற்றவாளி பெரும்பாலும் பெற்றோல். ஏப்ரல் கடைசியில் வெட்டி நிறுத்திய மெஷின், டாங்கில் மிச்சப் பெற்றோலோடு குளிர்காலம் முழுக்கக் கிடக்கும். பெற்றோல் ஒரு மாதத்திலேயே பழசாகத் தொடங்கும். பிறகு பிசினாகிக் கார்பரேட்டரின் நுண்துளையை அடைக்கும். எதனோல் கலந்ததென்றால் ஈரத்தையும் இழுத்துவைக்கும். ஊரில் எல்லோருக்கும் இதைச் சொல்லி, "சீசன் முடிய டாங்கை வடிச்சுப்போடு" என்று எச்சரிப்பவர் மாமாதான். அவருடைய டாங்கில் கிடப்பது மட்டும் பழைய பெற்றோல் அல்ல. அது "போன முறை கலந்தது."

கலப்பது ஒரு பூசை. 4 லீற்றர் பெற்றோலுக்கு 160 மில்லிலீற்றர் ஒயில், இருபத்தைந்துக்கு ஒன்று. இதை அளக்க மாமா வைத்திருப்பது பேரன் குடித்துவிட்ட பால் போத்தல். அதில் கோடுகள் துல்லியம் என்பது அவர் கட்சி. போத்தலைக் கண்ணுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடி அளப்பார். இவ்வளவு துல்லியமாக அளந்து ஊற்றிய ஒயில், எஞ்சினுக்குள் பெற்றோலோடு சேர்ந்து எரிந்து, எரியாத மிச்சமும் புகையாக வெளியே வரும். மெஷின் ஒருவேளை பிடித்துவிட்டால் மாமி முதலில் ஓடுவது கொடியில் காயும் சேலைகளை எடுக்க.

மாமாவை வெறும் பிடிவாதக்காரர் என்று சொல்லிவிட எனக்கு மனம் வராது. 1990களின் முதல் பாதியில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை, மின்சாரமும் இல்லை. அப்போது பழைய மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சும்மா ஓடவில்லை; சின்னப் போத்தலில் பத்திரமாய் வைத்திருக்கும் பெற்றோலில் சில துளிகளைக் கார்பரேட்டருக்கு ஊட்டி, பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட காலம். துளிப் பெற்றோலில் கார் கிளப்பியவரிடம், தெருமுனையில் ஒரு பெற்றோல் நிலையமும் கையில் ஒரு கிரெடிட் கார்டும் இருக்கும்போது, ஒரு புல்வெட்டி வந்து "முடியாது" என்கிறது. அவர் எப்படி ஒத்துக்கொள்வார்?

ஆலோசனைக்கு வருபவர்களும் உண்டு. ஒரு இளைஞன் புது மாதிரி நாலு ஸ்ட்ரோக் மோவரைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தான். "அங்கிள், வெள்ளைப் புகையா தள்ளுது. எஞ்சின் போச்சு. வேறை ஓடர் பண்ணப்போறன்."

மாமா மெஷினைத் தொடவில்லை. பரியாரியார் நாடி பிடிப்பது போல அவனைத்தான் பார்த்தார்.

"அடியிலை ஒட்டின புல்லைச் சுரண்டினனியோ?"

"ஓம்."

"எந்தப் பக்கம் சரிச்சனி?"

பையன் கையைச் சரித்துக் காட்டினான். காற்று வடிகட்டி கீழே வரும் பக்கம். ஒயில் முழுக்க வடிகட்டிக்குள் இறங்கியிருந்தது. புது வடிகட்டி ஒன்று போட்டு, ஒயில் அளவைச் சரிபார்த்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டு மிச்சத்தை எரித்ததும் புகை நின்றது. நாலு ஸ்ட்ரோக் மெஷினைச் சரித்தால் வடிகட்டி மேலே பார்க்கவேண்டும் என்ற ஒரு வரி உபதேசத்தில் ஒரு புது மெஷின் செலவு மிச்சம். பையன் நன்றியோடு போனான். ஆனால் இந்த வெற்றிக்கு ஊர் கொடுத்த விலை அதிகம். அதன் பிறகு நடந்த எந்தப் பிறந்தநாள் விழாவிலும் கேக் வெட்டுவதற்குள் இந்தக் கதை தொடங்கிவிடும்.

பாதுகாப்பில் மட்டும் மாமா கண்டிப்பானவர். பிளக் வயரைக் கழற்றாமல் அடித்தட்டுக்குள் கை விட மாட்டார், விட்டவனைக் கராஜுக்குள் சேர்க்க மாட்டார். பிளேட் ஒன்று தேய்ந்தால் இரண்டையும் சோடியாக மாற்றுவார். ஒன்று கனம் ஒன்று லேசென்றால் மெஷின் நடுங்கி, பெயறிங் போய்விடும். மரக்கட்டையில் அடித்துச் சுழலித்தண்டு வளைந்தது, துருவேறி அடித்தட்டு ஓட்டையானது, இந்த இரண்டையும் ஓட்டக்கூடாது என்று அவரே சொல்வார். அப்படியானால் எறிவாரா? மாட்டார். அது பாகத்துக்கு ஆகும். மாமாவின் கராஜில் சாவு கிடையாது, ஓய்வுதான்.

கவுன்சில் கிளீனப் நாட்களில் ஊர் தன் உடைசல்களைத் தெருவோரம் வைக்கும். அன்று மாமா "காற்று வாங்க" நடப்பார். போகும்போது வெறுங்கை, வரும்போது ஒரு கைபிடி. இரண்டாம் நடையில் ஒரு எஞ்சின். இப்போது ஓடுகிற, அதாவது ஓடாத, அவருடைய மெஷினில் எஞ்சின் பெண்டில் ஹில்லிலிருந்து, அடித்தட்டு வென்ட்வேர்த்விலிலிருந்து, சில்லுகள் எங்கிருந்தோ. காசு கொடுத்து வாங்கியதில் மிஞ்சியிருப்பது பிடியில் ஒட்டிய ஸ்டிக்கர் ஒன்றுதான். ஆனாலும் "95-லை வாங்கினது, இண்டைக்கும் ஓடுது" என்பார்.

மகன் ஒரு கணக்குச் சொல்லிப் பார்த்தான். திருத்தும் செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால் திருத்தக்கூடாது. நல்ல கணக்கு. கணக்காளரான தகப்பன் அதை உடனே ஏற்றுக்கொண்டு செலவை எழுதிக் காட்டினார்: பாகங்கள் தெருவில் இலவசம், கூலி இலவசம், பிளக் ஒன்று, டயஃப்ரம் ஒன்று. பாதி எங்கே, பத்தில் ஒன்றுகூட வரவில்லை. போன கோடை முழுக்கக் கராஜுக்குள் கழித்த சனி ஞாயிறுகளை எந்தப் பத்தியில் எழுதுவது என்று மகன் கேட்டதற்கு, "அது ஓய்வுநேரம்" என்றார். கடைசித் துருப்பையும் போட்டார். புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, 2019 ஜூலை 1-க்குப் பிறகு இந்தப் பழைய மாதிரி இரண்டு ஸ்ட்ரோக்கைப் புதிதாக விற்க முடியாது. "எறிஞ்சால் பிறகு கிடைக்காது, தெரியுமோ?" தடை செய்ததற்கான காரணத்தையே பாதுகாப்பதற்கான காரணமாக்கும் திறமை எல்லோருக்கும் வாய்க்காது.

மகன் வாதாடவில்லை. தந்தையர் தினத்துக்கு ஒரு பற்றரி மோவர் வந்து இறங்கியது. மாமா அதைத் தூக்கிப் பார்த்தார், கவிழ்த்துப் பார்த்தார், கயிற்றைத் தேடினார். "இதிலை கழற்ற என்ன கிடக்கு?" என்று கேட்டார். பதில் இல்லை. அதை மூலையில் சாத்திவைத்தார்.

புதன்கிழமைகளில் மாமா முதியோர் சங்கத்துக்குப் போவார். மாமி பற்றரியைப் போட்டு, பொத்தானை அமுக்கி, பாட்டுக் கேட்டுக்கொண்டே முன்பக்கமும் பின்பக்கமும் வெட்டி முடித்துவிட்டு, மெஷினைத் துடைத்து அதே மூலையில் அதே கோணத்தில் சாத்திவிடுவார். சேலை எடுக்க ஓடவேண்டியதில்லை. இந்த வருடம் புல் வளர்த்தி குறைவு என்று மாமா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். மழை வஞ்சித்துவிட்டதாம்.

போன கிளீனப்புக்கு மாமி இன்னும் ஒரு படி போனார். கராஜின் பின்வரிசையில் ஓய்வில் இருந்த ஐந்தில் ஒன்றை இரவோடிரவாகத் தெருவோரம் தள்ளிவிட்டார். விடியமுன் அது காணாமல் போனது. மாமா கவனிக்கவில்லை. கராஜில் எல்லாம் இருக்கிறது என்பதுதான் அவருக்கு முக்கியம், எது இருக்கிறது என்பதல்ல.

மூன்றாம் நாள் இரவு டூங்காபியிலிருந்து ஒரு அழைப்பு. அந்த ஊர் மோவர் மாமா; இவருக்கு நாலைந்து வயது இளையவர்.

"அண்ணை, றோட்டிலை ஒண்டு சந்திச்சுது. விக்டா. நாலு இழுவையிலை பிடிச்சிட்டுது, ஆனால் நிண்டு நிண்டு ஓடுது. கேட்டுச் சொல்லுங்கோ."

"போனைக் கிட்டப் பிடி."

மாமா கண்ணை மூடிக் கேட்டார். சத்தம் ஏறியது, இறங்கியது, ஏறியது. மாமி குசினியில் தண்ணீர்க் குழாயை அகலத் திறந்துவிட்டார்.

"கார்பரேட்டர் டயஃப்ரம். புதுசு போடு, வேறை ஒண்டும் இல்லை" என்றார் மாமா. "எஞ்சின் தங்கமடா தம்பி. ஆரோ கைதேர்ந்தவன் வைச்சுப் பாத்தது." கொஞ்சம் பொறுத்து, பொறுக்க முடியாமல் கேட்டார்: "உதை எந்த மடையன்ரா தெருவிலை எறிஞ்சவன்?"